அணுவின் படம் மாறிக்கொண்டே வந்தது, சரி. மாறாமல் நின்றது எது?

"முதலில் டால்டன் ஒன்று சொன்னார். அதைத் தாம்சன் மாற்றினார், தாம்சனை ரூதர்ஃபோர்டு மாற்றினார், அவரை நீல்ஸ் போர் மாற்றினார், கடைசியில் போரும் தப்பு என்றாகிவிட்டது. அப்படியானால் இன்றைக்கு நாம் படிக்கும் அணுவும் நாளைக்குத் தப்பாகிவிடாதா? தப்பென்று தெரிந்த மாதிரிகளை எதற்காக வரிசையாகப் படிக்க வேண்டும்?" இதுதான் கேள்வி.

நியாயமான கேள்வி. ஐந்து வட்டப் படங்களை வரிசையாக அச்சடித்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயரையும் ஓர் ஆண்டையும் போட்டுவிட்டால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தக் கதையில் படங்கள்தான் மிகவும் லேசான சமாச்சாரம். ஒவ்வொரு மாதிரியும் ஏதோ ஒரு குறிப்பிட்ட அளவீட்டுக்கு விடை சொல்ல வந்தது. பிறகு வந்த இன்னோர் அளவீடு அதற்குள் அடங்கவில்லை, அதனால் படம் விழுந்தது. பழைய அளவீடு மட்டும் விழவில்லை. புதிதாக வந்த மாதிரி அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது. படங்களை விட்டுவிட்டு எண்களைப் பின்தொடர்ந்தால் கதை வேறு மாதிரி தெரியும். அப்படித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பழைய கிரேக்கத்தின் டெமாக்ரிட்டஸுக்கும் இந்தியாவின் வைசேஷிகத் தத்துவக்காரர்களுக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டுக் கடந்துவிடலாம். பொருளைப் பிளந்துகொண்டே போனால் பிளக்க முடியாத ஒன்றில் போய் நிற்கும் என்றார்கள். அழகான யோசனைதான். ஆனால் அதைச் சோதிக்க வழியில்லை, அதனால் அது தப்பென்று காட்டவும் வழியில்லை. 2,000 ஆண்டுகளுக்கு மேல் அது இருந்த இடத்திலேயே இருந்ததற்குக் காரணம் அதுதான். அணு அறிவியலுக்குள் வந்தது தராசு வழியாக.

1803 வாக்கில் ஜான் டால்டன் என்ற ஆங்கிலேய ஆசிரியர் வாயுக்களின் எடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த இரண்டு வாயுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 12 கிராம் கார்பனோடு 16 கிராம் ஆக்சிஜன் சேர்ந்திருக்கிறது. மற்றதில் அதே 12 கிராமோடு 32 கிராம். சரியாக இரண்டு மடங்கு. 1.9 இல்லை, 2.1-உம் இல்லை. நைட்ரஜனின் ஆக்சைடுகளிலும் இதே கதை: 14 கிராம் நைட்ரஜனுக்கு 8, 16, 32 கிராம் ஆக்சிஜன். பொருள் என்பது மாவுபோல எப்படி வேண்டுமானாலும் கலக்கக்கூடியது என்றால் இந்த முழு எண்கள் எங்கிருந்து வந்தன? ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடிய உருப்படிகள் உள்ளே இருந்தால்தான் இப்படி வரும். மடங்கு விகித விதி என்று மனப்பாடம் செய்கிறோமே, அதன் முழு அர்த்தமும் இவ்வளவுதான். டால்டனின் அணு ஒரு குட்டிக் குண்டு, அதற்குள் எதுவும் இல்லை. அவருக்கு அது போதும். அவரிடம் இருந்த எண்கள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

டால்டன் தவறிய இடங்களும் உண்டு. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்று அவராகவே வைத்துக்கொண்டார். அதனால் 1808-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஹைட்ரஜன் 1 என்றால் ஆக்சிஜன் 7. இன்றைய கணக்கில் அது 16. பாதிப் பிழை வாய்பாட்டில், மீதி எடை போட்டதில். இதைச் சரிசெய்யும் வழியை அவகாட்ரோ 1811-லேயே சொல்லிவிட்டார், கேட்க ஆளில்லை. 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது கன்னிசாரோ அதை எடுத்து விளக்கிய பிறகுதான் அணு எடைகள் ஒழுங்குக்கு வந்தன. அதற்கு 9 ஆண்டுகள் கழித்து மெண்டலீவின் தனிம அட்டவணை.

இதில் பலருக்குத் தெரியாத வேடிக்கை ஒன்று இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு முடியும்வரை பெரிய பெரிய ஆட்களே அணு நிஜமா என்பதில் உறுதியாக இல்லை. ஆஸ்ட்வால்டு, எர்ன்ஸ்ட் மாக் போன்றவர்கள், கணக்குப் போட வசதியான கற்பனை என்றுதான் அதை நினைத்தார்கள். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துள்ளுவதை (பிரௌனியன் இயக்கம்) மூலக்கூறுகளின் மோதலாக எடுத்துக்கொண்டு 1905-இல் ஐன்ஸ்டீன் கணக்குப் போட்டார். 1908 தொடங்கி ழான் பெர்ரின் அதை நுண்ணோக்கியில் அளந்து காட்டினார். அதன் பிறகுதான் ஆஸ்ட்வால்டு இறங்கி வந்தார். அதற்குள் எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. வீடு இருக்கிறதா இல்லையா என்ற வழக்கு முடியுமுன்பே உள்ளே சாமான்களை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்!

அந்த எண்ணிக்கையை ஆரம்பித்தவர் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகத்தின் தலைவராக இருந்த ஜே. ஜே. தாம்சன். காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சினால் எதிர்முனையிலிருந்து கேத்தோடு கதிர் கிளம்பும். அது அலையா, துகளா என்று சண்டை. துகள் என்றால் மின்புலத்தில் வளைய வேண்டும். ஹெர்ட்ஸ் முயன்று பார்த்தார், வளையவில்லை. குழாயில் மிச்சமிருந்த வாயுவே மின்புலத்தை மறைத்துவிடுகிறது என்று தாம்சன் பிடித்தார். வெற்றிடத்தை இன்னும் நன்றாக்கினார், கதிர் வளைந்தது. 1897-இல் அவர் கண்ட மின்னூட்ட-நிறை விகிதம் ஹைட்ரஜன் அயனியினுடையதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். குழாயில் எந்த வாயு இருந்தாலும், முனை எந்த உலோகமானாலும் அதே எண். அணுவைவிட மிக மிக லேசான, எல்லா அணுவுக்கும் பொதுவான ஒரு துகள் என்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர் வைத்த பெயர் கார்ப்பசல். ஸ்டோனி என்பவர் 1891-லேயே மின்னூட்டத்தின் அலகுக்கு வைத்திருந்த எலக்ட்ரான் என்ற பெயர்தான் நிலைத்தது.

எதிர் மின்னூட்டம் உள்ள துகள்கள் உள்ளே இருந்தால், அதைச் சரிக்கட்டும் நேர் மின்னூட்டம் எங்கே? 1904-இல் தாம்சன் சொன்ன விடை: அணு முழுக்கப் பரவிய நேர் மின்னூட்டக் கோளம், அதற்குள் எலக்ட்ரான்கள். தர்பூசணிக்குள் விதைபோல என்று பாடத்தில் படித்திருப்போம். அந்த உவமை தாம்சனுடையதும் இல்லை, அவருக்கு நியாயம் செய்வதும் இல்லை. அவருடைய எலக்ட்ரான்கள் பதிந்து கிடக்கவில்லை, வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. எத்தனை எலக்ட்ரான் வரை ஒரு வளையம் குலையாமல் நிற்கும், எப்போது அடுத்த வளையம் தேவைப்படும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டார். தனிம அட்டவணையின் அடுக்குகள் அதிலிருந்து கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காக அமர்வதுதான் வேதியியலுக்குக் காரணம் என்ற எண்ணம் அங்கேயே முளைத்துவிட்டது. கோளம் போய்விட்டது, இந்த எண்ணம் தங்கிவிட்டது.

இப்போது மான்செஸ்டர், 1909. ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் ஹான்ஸ் கைகரும், 20 வயது மாணவர் எர்னஸ்ட் மார்ஸ்டனும். கதிரியக்கப் பொருள்கள் வீசும், நேர் மின்னூட்டமுள்ள ஆல்பா துகள்களை மெல்லிய உலோகத் தகட்டின்மேல் செலுத்தி, அவை எவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்பது வேலை. மார்ஸ்டனிடம், பின்பக்கம் ஏதாவது திரும்பி வருகிறதா என்றும் பார்க்கச் சொன்னார்கள். வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். எண்ணுவதற்கு மின்னணுக் கருவி ஏதும் அப்போது கிடையாது. துத்தநாக சல்பைடு பூசிய சின்னத் திரையில் ஓர் ஆல்பா துகள் பட்டால் ஒரு மங்கிய ஒளிப்பொட்டு மின்னி மறையும். அதை நுண்ணோக்கி வழியாகக் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அதற்கு அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகும்வரை முதலில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் எண்ணினால் கண் களைத்துவிடும், மாற்றி மாற்றித்தான் எண்ண முடியும். இப்படி எண்ணித்தான், பிளாட்டினத் தகட்டில் மோதுவதில் 8,000-க்கு ஒன்று என்ற கணக்கில் ஆல்பா துகள்கள் திரும்பி வருவதைக் கண்டார்கள். மெல்லிய தாளைக் குறிபார்த்துப் பீரங்கிக் குண்டைச் சுட, அது திரும்பிவந்து நம்மையே தாக்கியது போல என்று ரூதர்ஃபோர்டு பிற்காலத்தில் சொன்னார். இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டும் வாசகம் அது.

ஆனால் ஆச்சரியப்படுவது வேறு, கணக்குப் போடுவது வேறு. தாம்சன் தரப்பில் ஒரு பதில் தயாராக இருந்தது: தகட்டுக்குள் ஆயிரக்கணக்கான அணுக்கள் உள்ளன, ஒவ்வொன்றும் துளித் துளியாகத் திருப்பிவிட, எல்லாம் கூடிப் பெரிய விலகலாகிறது. ரூதர்ஃபோர்டு இதைத்தான் முறித்தார். 0.00004 செ.மீ. தடிமனுள்ள தங்கத் தகட்டில் ஆல்பா துகளின் வழக்கமான விலகல் 0.87 பாகை. துளித் துளியாகச் சேர்ந்தது என்றால், 90 பாகை திரும்புவதற்கான வாய்ப்பு எழுதிக்காட்டவே முடியாத அளவு சிறியது. ஆனால் கண் முன்னால் 20,000-க்கு ஒன்று அப்படித் திரும்புகிறது. ஆகவே அது ஒரே மோதலில் நடக்க வேண்டும். எலக்ட்ரானைப் போல சுமார் 7,300 மடங்கு எடையுள்ள ஒரு துகளை ஒரே மோதலில் பின்னுக்குத் தள்ள வேண்டுமென்றால், அணுவின் மின்னூட்டம் ஒரு புள்ளியில் குவிந்திருக்க வேண்டும்; அந்தப் புள்ளி கனமாகவும் இருக்க வேண்டும்.

1911-இல் வந்த அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது, அதில் இல்லாத விஷயங்கள். அணுக்கரு என்ற சொல் அதில் இல்லை. நடுவில் உள்ள மின்னூட்டம் நேரா எதிரா என்றும் அவர் அறுதியிடவில்லை. இரண்டில் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான், வசதிக்காக நேர் என்று வைத்துக்கொள்கிறேன் என்கிறார். சுற்றுப்பாதையும் கிடையாது. எலக்ட்ரான்கள் சுற்றிலும் ஒரே சீராகப் பரவியிருப்பதாகத்தான் கணக்குக்காக எடுத்துக்கொண்டார். ரூதர்ஃபோர்டு மாதிரி என்று நாம் வரையும் சூரியக் குடும்பம் போன்ற படம் பெரும்பாலும் பிற்காலத்துக் கைவேலை. அவரிடம் இருந்த எண்கள் மையத்தைப் பற்றி மட்டும் பேசின. அவரும் மையத்தைப் பற்றி மட்டும் பேசினார்.

1913-இல் கைகரும் மார்ஸ்டனும் அவருடைய சூத்திரத்தைச் சோதித்தார்கள். திரும்பும் கோணத்தின் பாதிக்கு சைன் எடுத்து, அதை நான்கு முறை பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் வரும் விகிதத்தில் பொட்டுகள் விழ வேண்டும். 60 பாகையில் அந்த எண் 16. 150 பாகையில் 1.15. ஆக, முதல் கோணத்தில் இரண்டாவதைப் போல சுமார் 13.9 மடங்கு பொட்டுகள் தெரிய வேண்டும். இருட்டில் கண்ணால் எண்ணியதில் கிடைத்தவை 477-உம் 33.1-உம், அதாவது 14.4 மடங்கு. இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டுகளை எண்ணினார்கள். அணுக்கரு என்பது ஒரு மேதையின் உள்ளுணர்வு என்று மட்டும் நினைப்பவர்கள் இந்த 477-ஐயும் 33.1-ஐயும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அளவு புரிய ஒரு கணக்கு: தங்க அணுவின் கருவை 1 செ.மீ. கோலிக்குண்டாக நினைத்தால், அணுவின் விட்டம் சுமார் 200 மீட்டர். ஹைட்ரஜனுக்கு 600 மீட்டரையும் தாண்டும். பாடப்படத்தில் கருவையும் எலக்ட்ரானையும் பட்டாணி அளவில் பக்கத்தில் பக்கத்தில் வரைவது வேறு வழியில்லாமல் செய்யும் பொய்.

தாம்சனின் கோளத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது, அது குலையாமல் நிற்கும். ரூதர்ஃபோர்டின் அணுவுக்கு அந்த யோகம் இல்லை. எலக்ட்ரான் ஓய்ந்து நின்றால் கருவில் போய் விழும். சுற்றினால், சுற்றும் மின்னூட்டம் மின்காந்த அலையை வீச வேண்டும், ஆற்றல் குறைய வேண்டும், பாதை சுருங்க வேண்டும். பழைய இயற்பியலின்படி ஹைட்ரஜன் அணு நொடியில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு அளவு நேரத்துக்குள் சுருண்டுவிடும். நாம் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருப்பதே அந்தக் கணக்கு எங்கோ தப்பு என்பதற்குச் சாட்சி.

இந்தச் சிக்கலோடு 1912-இல் மான்செஸ்டருக்கு வந்து சேர்ந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் போர். (தமிழில் எழுதினால் பெயரே சண்டைக்கு நிற்கிறது, என்ன செய்ய.) அவருக்குச் சாவி கிடைத்தது எதிர்பாராத இடத்திலிருந்து. 1885-இல் பாசல் நகரப் பள்ளி ஆசிரியர் யோஹான் பால்மர், ஹைட்ரஜன் வீசும் ஒளியின் நான்கு நிறக்கோடுகளை வைத்துக்கொண்டு எண் விளையாட்டு ஆடியிருந்தார். 364.56 என்ற எண்ணை எடுங்கள். அதை 9/5-ஆல் பெருக்கினால் 656.2. 16/12-ஆல் பெருக்கினால் 486.1. 25/21-ஆல் 434.0. 36/32-ஆல் 410.1. ஹைட்ரஜனின் சிவப்பு, நீலப்பச்சை, ஊதாக் கோடுகளின் அலைநீளங்கள் நானோமீட்டரில் இவையேதான். மேலே 3, 4, 5, 6-இன் வர்க்கம்; கீழே அதிலிருந்து 4 கழித்தது. ஏன் இப்படி என்று 28 ஆண்டுகளாக ஒருவருக்கும் தெரியாது. 1913 தொடக்கத்தில் ஒரு நண்பர் நிறமாலையைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டபோதுதான் போர் இந்தச் சூத்திரத்தை எடுத்துப் பார்த்தார். பார்த்த உடனே எல்லாம் தெளிந்துவிட்டது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

தெளிந்தது இதுதான்: எலக்ட்ரானுக்கு எல்லா ஆற்றலும் அனுமதி இல்லை, சில மட்டங்கள் மட்டுமே. ஹைட்ரஜனில் அந்த மட்டங்கள் 13.6 எலக்ட்ரான்வோல்ட்டை (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) 1, 4, 9, 16 என்று வர்க்கங்களால் வகுத்தால் கிடைப்பவை. மேல் மட்டத்திலிருந்து கீழ் மட்டத்துக்கு இறங்கும்போது அந்த வித்தியாசம் ஒளியாக வெளிவரும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 1.89 எலக்ட்ரான்வோல்ட், அதாவது 656 நானோமீட்டர், அந்தச் சிவப்புக் கோடு. பால்மரின் விளையாட்டு எண்ணை எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம், பிளாங்க் மாறிலி (ஒளியின் அதிர்வெண்ணை ஆற்றலோடு இணைக்கும் எண்) ஆகியவற்றிலிருந்தே போர் வருவித்துவிட்டார்.

அனுமதித்த மட்டத்தில் இருக்கும்வரை எலக்ட்ரான் ஏன் அலை வீசுவதில்லை? அதற்கு போரிடம் காரணம் இல்லை. வீசாது என்று சட்டம் போட்டார், அவ்வளவுதான். கையெழுத்துப் பிரதியைப் படித்த ரூதர்ஃபோர்டு உடனே நாடி பிடித்துவிட்டார். ஒரு மட்டத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான், எந்த அதிர்வெண்ணில் ஒளி வீச வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்யும்? எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமே என்று கடிதத்தில் கேட்டார். போருக்குப் பதில் தெரியாது. அந்தக் கேள்வியின் முழு கனமும் இறங்க இன்னும் 12 ஆண்டுகள் ஆயின.

அப்படியிருந்தும் எல்லோரும் அதை ஏன் ஏற்றார்கள்? ஹீலியம் காரணம். ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியம், ஹைட்ரஜனைப் போலவே நடக்கும். கோடுகளின் மாறிலி சரியாக 4 மடங்கு இருக்க வேண்டும் என்றார் போர். நிறமாலை வல்லுநர் ஆல்பிரட் ஃபௌலர் அளந்துவிட்டு, 4 இல்லை, 4.0016 என்று ஆட்சேபித்தார். வேறு யாராக இருந்தாலும் அளவீட்டுப் பிழை என்று தட்டிக்கழித்திருப்பார்கள். போர் திரும்பிப் போய், கரு அசையாமல் நிற்பதாக வைத்ததுதான் தப்பு, எலக்ட்ரான் சுற்றும்போது கருவும் இம்மியளவு ஆடும் என்று சேர்த்துக் கணக்கிட்டார். வந்த விடை 4.00163. இதுபோன்ற பொருத்தம் தற்செயலாக வராது. என்னைக் கேட்டால், போர் மாதிரியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அதே மான்செஸ்டரில் வேலையைத் தொடங்கிய ஹென்றி மோஸ்லி, தனிமங்கள் வீசும் எக்ஸ் கதிர்களை 1913-14-இல் அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் சமமான படிகளாக ஏறியது. அந்தப் படிதான் அணு எண், கருவின் மின்னூட்டம். நிக்கலைவிடக் கோபால்ட்டின் எடை அதிகம், ஆனாலும் அட்டவணையில் கோபால்ட்டை முன்னால் வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் குணம் அப்படி என்பார்கள். மோஸ்லியின் படியில் கோபால்ட் 27, நிக்கல் 28. 43, 61, 72, 75 ஆகிய இடங்கள் காலி என்பதும் தெரிந்தது. பின்னால் நான்கும் நிரம்பின. மோஸ்லி அதைப் பார்க்கவில்லை. 1915 ஆகஸ்டில் முதல் உலகப் போரின் கலிப்போலிப் போர்முனையில் இறந்தபோது அவருக்கு வயது 27.

போர் மாதிரிக்குச் சோதனை வந்தது முழு ஹீலியத்தில். இரண்டு எலக்ட்ரான் என்றதும் கணக்கு ஒத்துழைக்கவில்லை. கோடுகளில் சில பிரகாசமாகவும் சில மங்கலாகவும் இருப்பது ஏன் என்று அதனால் சொல்ல முடியவில்லை. காந்தப்புலத்தில் கோடுகள் பிளவுபடும் விதமும் பிடிபடவில்லை. சோமர்ஃபெல்டு வட்டப் பாதையை நீள்வட்டமாக்கி ஒட்டுப்போட்டார். சில இடங்களில் அது பிரமாதமாகப் பொருந்தியது, சில இடங்களில் கிழிந்தது. 1924-இல் லூயி டி பிராக்லி எலக்ட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டு என்றார். 1925-இல் ஹைசன்பர்க், 1926-இல் ஷ்ரோடிங்கர் இருவரும் வெவ்வேறு வழியில் புதிய இயக்கவியலை எழுதினார்கள். எலக்ட்ரான் அலைதான் என்பதை 1927-இல் சோதனையில் காட்டியவர்களில் ஒருவர் ஜி. பி. தாம்சன். எலக்ட்ரானைத் துகள் என்று காட்டிய ஜே. ஜே. தாம்சனின் மகன். அப்பாவுக்கும் நோபல், மகனுக்கும் நோபல். இருவர் சொன்னதும் சரி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மேலே விட்டுவந்த கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது: எலக்ட்ரான் ஏன் கருவில் விழுவதில்லை? கரு எலக்ட்ரானை இழுக்கிறது. நெருங்க நெருங்க மின் ஆற்றல் குறைகிறது, அது உண்மை. ஆனால் எலக்ட்ரான் அலை. அலையைச் சின்ன இடத்துக்குள் அடைத்தால் அதன் அலைநீளம் குறுகும், உந்தம் கூடும், இயக்க ஆற்றல் ஏறும். இடத்தைப் பாதியாக்கினால் இழுவையால் கிடைக்கும் லாபம் இரண்டு மடங்கு, அடைபடுவதால் ஏறும் செலவு நான்கு மடங்கு. ஓரளவுக்குமேல் நெருங்குவது கட்டுப்படியாகாது. இரண்டும் சமரசமாகும் தூரத்தைக் கணக்கிட்டால் 0.053 நானோமீட்டர் வருகிறது. ஹைட்ரஜன் அணுவின் அளவு அது. போர் சட்டம் போட்டு வாங்கியதை ஷ்ரோடிங்கர் காரணம் சொல்லி வாங்கினார்.

0.053 என்ற அந்த எண் போரின் முதல் வட்டத்தின் ஆரமும்கூட! புதிய கணக்கில் வட்டம் இல்லை. எலக்ட்ரானைக் கண்டுபிடிக்க அதிக வாய்ப்புள்ள தூரம் என்று அதே எண் வேறு உடையில் வந்து நிற்கிறது. 13.6-உம் மாறவில்லை. ஆனால் எல்லாமே தப்பிக்கவில்லை. அடிமட்டத்தில் எலக்ட்ரான் கருவைச் சுற்றும் கோண உந்தம் ஓர் அலகு என்றார் போர். உண்மையில் அது சுழியம். எலக்ட்ரான் அங்கே சுற்றவே இல்லை. போர் மாதிரியைப் பயன்படுத்தும்போது எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எல்லைக்கல் கிடையாது: ஆற்றலை நம்பலாம், பாதையை நம்பக்கூடாது.

எலக்ட்ரான் மேகம் என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் பஞ்சாகப் பரவிக் கிடக்கிறது என்று அர்த்தமில்லை. தேடினால் எப்போதும் முழு எலக்ட்ரானாகத்தான் அகப்படும். அது எங்கே அகப்படும் என்பதன் வாய்ப்புத்தான் பரவியிருக்கிறது. 1926-இல் மாக்ஸ் போர்ன் சொன்ன விளக்கம் இது. அத்தோடு 1925-இல் பவுலி சொன்ன விலக்கு விதியையும் சேர்த்தால், ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்பதால், அவை 2, 8, 18 என்று அடுக்கடுக்காக ஏற வேண்டியதாகிறது. தாம்சன் வளையங்களில் தேடிய தனிம அட்டவணை இங்கே கிடைத்தது.

கருவுக்குள் போனால் இன்னொரு கதை. 1919-இல் ரூதர்ஃபோர்டு நைட்ரஜனை ஆல்பா துகளால் அடித்து ஹைட்ரஜன் கருவை வெளியே வரவைத்தார்; அதற்குப் புரோட்டான் என்று பெயரிட்டார்கள். நைட்ரஜன் கருவின் நிறை 14, மின்னூட்டம் 7. அப்படியானால் உள்ளே 14 புரோட்டான், அதில் 7-ஐச் சரிக்கட்ட 7 எலக்ட்ரான் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். எடையும் சரி, மின்னூட்டமும் சரி. ஆனால் மொத்தம் 21 துகள். ஒவ்வொன்றின் தற்சுழற்சியும் (ஸ்பின்) அரை அலகு. ஒற்றைப்படை எண்ணிக்கையில் அரைகளைக் கூட்டினாலும் கழித்தாலும் முழு எண் வராது. 1920-களின் முடிவில் நிறமாலை சொன்னதோ, நைட்ரஜன் கருவின் சுழற்சி முழு எண், 1. தலைகீழாக நின்றாலும் 21 அரைகளிலிருந்து 1 வராது. 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டார். 7 புரோட்டான், 7 நியூட்ரான், மொத்தம் 14 அரைகள், சிக்கல் அவிழ்ந்தது. நியூட்ரானை எடையைச் சரிசெய்ய வந்த துகளாகவே பலரும் சொல்கிறார்கள். எடைக் கணக்கு முன்பே சரியாகத்தான் இருந்தது, ஒற்றை இரட்டைக் கணக்குத்தான் உதைத்தது.

1968 வாக்கில் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் நேர்கோட்டு முடுக்கியில், வேகமான எலக்ட்ரான்களைப் புரோட்டான்மேல் மோதவிட்டார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமான எலக்ட்ரான்கள் பெரிய கோணத்தில் விலகின. மார்ஸ்டன் இருட்டறையில் பார்த்த அதே காட்சி, பத்தாயிரக்கணக்கான மடங்கு சின்ன இடத்தில். புரோட்டானுக்குள்ளும் புள்ளி புள்ளியாக ஏதோ இருக்கிறது. 1964-இல் காகிதத்தில் பிறந்திருந்த குவார்க்குகளுக்கு அது முதல் நேரடித் தடயம்.

சரி, இன்றைய அணு நாளைக்குத் தப்பாகுமா? ஷ்ரோடிங்கரின் படத்தையே ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது. 1928-இல் டிராக் ஐன்ஸ்டீனின் சார்பியலைச் சேர்த்துத் திருத்தினார். அவர் கணக்கில் ஹைட்ரஜனின் இரண்டு குறிப்பிட்ட மட்டங்கள் அணுவளவும் பிசகாமல் சமம். 1947-இல் லேம்பும் ரெதர்ஃபோர்டும் (இவர் வேறு ஆள், எழுத்துக்கூட்டலும் வேறு) அளந்தபோது, அவற்றுக்கிடையே சுமார் 1,000 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருந்தது. மிக மிகச் சிறிய வித்தியாசம், ஆனால் அதை விளக்கப் போய்த்தான் குவாண்டம் மின்னியக்கவியல் (எலக்ட்ரானும் ஒளியும் ஊடாடுவதைச் சொல்லும் கோட்பாடு) இன்றைய வடிவத்துக்கு வந்தது. அதனால் 656 நானோமீட்டர் கோடு இடம் மாறிவிடவில்லை. அதற்குப் பின்னால் இன்னும் பல தசம இடங்கள் சேர்ந்தன.

2010-இல் ஒரு குழப்பம் வந்தது. எலக்ட்ரானுக்குப் பதில், அதைப் போல 200 மடங்கு கனமான மியூவான் என்ற துகளை ஹைட்ரஜனில் சுற்றவிட்டுப் புரோட்டானின் ஆரத்தை அளந்தார்கள். அதுவரை ஒப்புக்கொண்டிருந்த 0.877 ஃபெம்டோமீட்டருக்கு (ஒரு நானோமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோமீட்டர்) பதில் 0.842 வந்தது. 4 சதவீதம் குறைவு. இவ்வளவு துல்லியமான துறையில் அது பெரிய ஓட்டை. அடிப்படைக் கோட்பாடே ஆட்டம் கண்டுவிட்டதோ என்று ஏகப்பட்ட கட்டுரைகள் வந்தன. எலக்ட்ரான் உள்ள சாதாரண ஹைட்ரஜனையே இன்னும் கவனமாக மறுபடி அளந்தபோது, அவற்றில் பலவும் சிறிய எண்ணின் பக்கமே சாய்ந்தன. 2018-க்கான அடிப்படை மாறிலிப் பட்டியலில் ஆரம் 0.841 என்று திருத்தப்பட்டது. இந்த முறை படம் நின்றது, பழைய எண்தான் தப்பாகிப் போனது.